ஏரி பாக்டீரியாவின் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம்: மாதிரி எடுப்பதிலிருந்து சத்துக் கணக்கு வரை

ஏரியிலுள்ள பாக்டீரியா பாஸ்பேட்டை நீருக்குத் திருப்பித் தருகிறதா, அல்லது பாசியோடு போட்டியிட்டு நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறதா? இதற்கு எல்லா ஏரிக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பாக்டீரியாவின் உடலில் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் என்ன விகிதத்தில் இருக்கின்றன, அது உண்ணும் கரிமப் பொருளில் என்ன விகிதத்தில் இருக்கின்றன, உண்டதில் எவ்வளவு உடலாகிறது என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும். ஆனால் ஏரிகளின் சத்துச் சுழற்சிக் கணக்குகள் பலவற்றில் முதல் எண்ணை யாரும் அளப்பதில்லை. 50:10:1 அல்லது 45:9:1 என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். கணக்கு தலைகீழாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜேம்ஸ் காட்னர் குழுவினர் அமெரிக்காவின் மேல் மத்திய மேற்குப் பகுதியில் 120க்கும் மேற்பட்ட ஏரிகளை அளந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாக்டீரியாவின் சராசரி மோல் விகிதம் (எடையில் அல்லாமல் அணுக்களின் எண்ணிக்கையில் கணக்கிடும் விகிதம்) 102:12:1 என்று வந்தது. கடல் மிதவை உயிரிகளுக்குக் கடலியலாளர் ரெட்ஃபீல்ட் சொன்ன 106:16:1க்கு இது மிக அருகில். ஒரே ஏரியில் தனித்தனிச் செல்களை அளந்தபோது சராசரி 259:69:1. ஏரிகளிலிருந்து பிரித்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்த இனங்களில் சராசரி 875:179:1 வரை போனது. பாக்டீரியா என்றாலே பாஸ்பரஸ் செழித்த உயிர் என்ற எண்ணம் நன்னீரில் நிற்கவில்லை.

பாஸ்பரஸ் இவ்வளவு கூடிக் குறைவதற்குக் காரணம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்.என்.ஏ.வின் எடையில் ஏறக்குறைய 9 சதவீதம் பாஸ்பரஸ். வேகமாக வளரும் செல்லுக்குப் புரதம் செய்ய ஆர்.என்.ஏ. நிறைந்த ரைபோசோம் நிறைய வேண்டும், அதனால் பாஸ்பரஸும் ஏறும். மெதுவாக வளரும் செல் ரைபோசோமைக் குறைத்துக்கொள்ளும். சில இனங்கள் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுக்குப் பதிலாக பாஸ்பரஸ் இல்லாத கொழுப்பை வைத்துக்கொள்ளும். வேறு சில, பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்போது பாலிபாஸ்பேட்டாகச் சேமித்துவைக்கும். ஆகவே இந்த விகிதத்தை அந்த ஏரியில், அந்தப் பருவத்தில் அளந்துதான் ஆக வேண்டும்.

1. பாத்திரமும் மாதிரியும்

மாதிரி எடுக்கும் பாலிஎத்திலீன் புட்டி, வடிகட்டும் கோப்பை, இடுக்கி நுனி, கண்ணாடிக் குப்பி எல்லாவற்றையும் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். பாஸ்பேட் கலந்த சோப்பை இந்த வேலைக்கான பாத்திரங்களின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நாம் அளக்கப்போவது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவிலான பாஸ்பரஸ். விரல் பட்ட இடமே அளவைக் கெடுத்துவிடும்.

மேல் கலப்படுக்கையில், அதாவது காற்றால் கலந்துகொண்டே இருக்கும் மேல் நீரில், 0.5 முதல் 1 மீட்டர் ஆழத்தில் குறைந்தது 5 லிட்டர் எடுங்கள். கரையிலேயே 100 மைக்ரான் வலையில் ஊற்றி விலங்கு மிதவைகளை நீக்குங்கள். ஒளி படாமல், ஏரியின் வெப்பநிலையிலோ சற்றுக் குளிராகவோ கொண்டுவந்து, சில மணி நேரத்துக்குள் வடிகட்டி முடிக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று உறைய வைத்தால் செல் உடைந்து உள்ளே இருந்தது கரைசலுக்குப் போய்விடும்.

2. அளவுப் பிரிப்பு: பாதித் தவறுகள் பிறக்கும் இடம்

பாக்டீரியாவைப் பாசியிலிருந்து பிரிக்க 1 மைக்ரான் துளை பாலிகார்பனேட் வடிதாளை முதல் கட்டமாக வையுங்கள். நீர் தன் எடையிலேயே இறங்கட்டும். பம்பு போட்டே ஆக வேண்டுமென்றால் 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாதீர்கள். அழுத்தம் கூடினால் மெல்லிய சவ்வுள்ள பாசிகள் வெடித்து, அவற்றின் துண்டுகள் 1 மைக்ரானுக்குக் கீழே வந்து பாக்டீரியாவின் கணக்கில் ஏறிவிடும்.

கீழே இறங்கிய நீரை இரண்டாவது வடிதாளில் பிடிக்க வேண்டும். பலரும் எடுப்பது ஜி.எஃப்/எஃப் கண்ணாடி இழைத் தாள். அதன் பெயரளவுத் துளை 0.7 மைக்ரான், ஏரி பாக்டீரியாவில் பாதியளவு நழுவிப் போய்விடலாம். 0.3 மைக்ரான் அளவுள்ள ஜி.எஃப்-75 இதைவிட நல்லது. பாலிகார்பனேட் தாளில் 0.2 மைக்ரான் கிடைக்கும், ஆனால் தாளே கார்பனால் ஆனது என்பதால் கார்பன் அளக்க உதவாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் ஜி.எஃப்/எஃப், பாஸ்பரஸுக்கு 0.2 மைக்ரான் பாலிகார்பனேட் என்று வசதிக்காகப் பிரித்து வைத்தால், கார்பன் பாதி தவறிப்போகும், பாஸ்பரஸ் முழுதாகப் பிடிபடும். கார்பன்–பாஸ்பரஸ் விகிதம் 120 உள்ள பாக்டீரியா 60 என்று தெரியும். பாக்டீரியாவில் பாஸ்பரஸ் செழிப்பு என்ற முடிவை அந்தத் தாளே உருவாக்கிக் கொடுத்துவிடும். மூன்று தனிமங்களுக்கும் ஒரே வகைத் தாளையே பயன்படுத்துங்கள். தாளுக்கு முன்னும் பின்னும் செல் எண்ணிக்கை எடுத்து, எத்தனை சதவீதம் பிடிபட்டது என்பதை முடிவோடு சேர்த்தே எழுதுங்கள்.

கண்ணாடி இழைத் தாள்களை 450 °செ.யில் 4 மணி நேரம் சுட்டு வையுங்கள். 500க்கு மேல் போனால் இழை இளகித் துளையின் அளவே மாறிவிடும். பாஸ்பரஸுக்கான தாள்களைச் சுட்ட பிறகு நீர்த்த அமிலத்தில் அலசி, நீரில் கழுவி உலர்த்துங்கள்.

எவ்வளவு நீர் வடிகட்டுவது? ஒரு மி.லி.யில் 20 லட்சம் செல், ஒரு செல்லில் 20 ஃபெம்டோகிராம் கார்பன் என்று வைத்தால் லிட்டருக்கு 40 மைக்ரோகிராம் கார்பன். மோல் விகிதம் 100 என்றால் பாஸ்பரஸ் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோகிராம். ஆகவே ஒவ்வொரு பாஸ்பரஸ் தாளுக்கும் 1 லிட்டர், கார்பன்–நைட்ரஜன் தாளுக்கு அரை லிட்டர் வேண்டும். ஒவ்வொன்றிலும் மூன்று நகல். பச்சை ஏறிய குளங்களில் இதில் கால் பங்கு போதும், அதற்கு மேல் ஊற்றினால் தாள் அடைத்துக்கொள்ளும்.

வடிகட்டியதும் தாளின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் கலந்த வெண்மையாக இருந்தால் சரி. இளம் பச்சை தெரிந்தால் 1 மைக்ரானுக்கும் சிறிய நீலப்பச்சைப் பாக்டீரியா வந்திருக்கிறது என்று பொருள். 1 மைக்ரானுக்குக் கீழே வந்த அந்தப் பகுதியில் பச்சையத்தையும் அளந்து, மொத்தப் பச்சையத்தில் எத்தனை சதவீதம் கீழே வந்தது என்று குறித்துவையுங்கள். துருப்பிடித்த பழுப்பு தெரிந்தால் இரும்பு ஹைட்ராக்சைடுத் துகள்கள், அவற்றோடு ஒட்டிய பாஸ்பேட்டும் வரும். அப்படிப்பட்ட நீரில் பாஸ்பரஸ் தாள்களில் ஒரு தொகுதியை ஆக்சலேட்–ஈ.டி.டி.ஏ. கரைசலால் கழுவி அளந்தால் மேற்பரப்பில் ஒட்டியிருந்தது எவ்வளவு என்று தெரியும். கார்பன் தாளில் இதைச் செய்யக் கூடாது, ஆக்சலேட்டே கார்பன்தான்.

கரைந்த கரிமப் பொருளும் தாளில் ஒட்டும். தேநீர் நிறத்து நீரில் இது பெரிய பிழை. இரண்டு தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வடிகட்டி, கீழ்த்தாளின் கார்பனை மேல்தாளிலிருந்து கழியுங்கள். ஜி.எஃப்/எஃப் போன்ற தாளில் நழுவிய செல்களில் கொஞ்சம் கீழ்த்தாளிலும் மாட்டும் என்பதால், 0.2 மைக்ரானில் முன்பே வடித்த நீரை ஒரு தனித்தாளில் ஊற்றி எடுக்கும் கழிவெண் இன்னும் நம்பகமானது.

3. கார்பனும் நைட்ரஜனும்

தாளை 60 °செ.யில் இரவு முழுக்க உலர்த்துங்கள். சுண்ணாம்பு நிறைந்த கடின நீரென்றால் உலர்த்திய தாளை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை நிறைந்த உலர்கலத்தில் 12 மணி நேரத்துக்கும் மேல் வைத்து, கார்பனேட்டை விரட்டி, மீண்டும் உலர்த்துங்கள். அம்மோனியாப் புட்டி திறந்திருக்கும் அறையில் வைத்தால் அமிலத் தாள் அதை உறிஞ்சிக்கொண்டு நைட்ரஜன் கூடுதலாகத் தெரியும். பிறகு தகரக் கிண்ணத்தில் சுருட்டித் தனிமப் பகுப்பாய்வுக் கருவியில் ஏற்றலாம். தரப்பொருளாக அசிட்டனிலைடு: கார்பன் 71.09, நைட்ரஜன் 10.36 சதவீதம். மாதிரி இல்லாத வெற்றுத்தாள்கள் குறைந்தது மூன்றையும் ஓட்ட வேண்டும். நைட்ரஜனின் அளவு கருவியின் கீழ் எல்லையை ஒட்டியே இருக்கும் என்பதால் வெற்றுத்தாளைக் கழிக்காத நைட்ரஜன் எண்ணுக்கு மதிப்பில்லை.

4. பாஸ்பரஸ்

தாளை 20 மி.லி. போரோசிலிகேட் குப்பியில் போட்டு, 0.017 மோலார் மெக்னீசியம் சல்பேட் 2 மி.லி. விட்டு, 95 °செ.யில் முழுக்க உலர்த்துங்கள். 450 முதல் 500 °செ.க்குள் 2 மணி நேரம் சுடுங்கள். ஆறிய பின் 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. விட்டு, மூடி, 80 °செ.யில் 30 நிமிடம் வையுங்கள். இந்த அமிலச் சூடு, சுட்டபோது உருவான பாலிபாஸ்பேட்டை உடைக்கத்தான். இதைக் குறைத்தால் பாஸ்பரஸ் குறைவாகத் தெரிந்து, விகிதம் பொய்யாக ஏறும். பிறகு 20 மி.லி.க்கு நிரப்பி, தாளின் இழைகள் அடங்கும்வரை வைத்து, மேல்நீரை எடுங்கள். மிதக்கும் ஒரு சிறு இழைகூட ஒளியைச் சிதறடித்து அளவை ஏற்றிவிடும்.

நிறம் காட்டுவது மர்ஃபியும் ரைலியும் 1962இல் தந்த மாலிப்டின நீல முறை. நான்கு கரைசல்கள்:

– கந்தக அமிலம்: 70 மி.லி. அடர் அமிலத்தை நீரில் ஊற்றி 500 மி.லி. ஆக்குங்கள். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.
– பொட்டாசியம் ஆண்டிமனி டார்ட்ரேட்: 1.3715 கிராம், 500 மி.லி.யில்.
– அம்மோனியம் மாலிப்டேட்: 20 கிராம், 500 மி.லி.யில்.
– அஸ்கார்பிக் அமிலம்: 1.76 கிராம், 100 மி.லி.யில். 4 °செ.யில் ஒரு வாரம் தாங்கும்.

இதே வரிசையில் 50, 5, 15, 30 மி.லி. கலந்து, ஒவ்வொன்றுக்கும் பின் குலுக்குங்கள். கலங்கினால் தெளியும்வரை காத்திருங்கள். இந்தக் கலவைக்கு ஆயுள் 4 மணி நேரம்தான். 20 மி.லி. மாதிரிக்கு 3.2 மி.லி. விட்டு, 10 நிமிடத்துக்குப் பின், 30 நிமிடத்துக்குள், ஒளிமானியில் 880 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். ஒளி 5 செ.மீ. தூரம் கடக்கும் குவெட் (மாதிரியை ஊற்றும் கலம்) கட்டாயம். 1 செ.மீ. குவெட்டில் இந்த அளவு இரைச்சலில் மூழ்கிவிடும்.

தரக்கரைசலுக்கு 219.5 மி.கி. உலர்ந்த பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை 1 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 50 மி.கி. பாஸ்பரஸ். இதிலிருந்து 0, 5, 10, 25, 50, 100 மைக்ரோகிராம் அளவுகளை, மாதிரியில் உள்ள அதே அமிலச் செறிவோடு, தயாரியுங்கள். 50 மைக்ரோகிராம் கரைசல் 5 செ.மீ. குவெட்டில் ஏறத்தாழ 0.15 முதல் 0.18 வரை காட்ட வேண்டும். வெகுவாகக் குறைந்தால் அஸ்கார்பிக் அமிலம் பழையதாகியிருக்கும். ஆர்சனேட் இதே நீல நிறத்தைத் தரும், எனவே ஆர்சனிக் உள்ள நீரில் கவனம் வேண்டும். கூடவே சான்றிதழ் பெற்ற இலைத் தூள் சில மி.கி.யைச் சுட்டுக் கரைத்து, எத்தனை சதவீதம் மீள்கிறது என்று ஒவ்வொரு தொகுதியிலும் பாருங்கள்.

5. எண்ணை விகிதமாக்குதல்

ஒரு சத்துள்ள ஏரியில் வெற்றுத்தாள் அளவுகளைக் கழித்த பின் லிட்டருக்குக் கார்பன் 120, நைட்ரஜன் 20, பாஸ்பரஸ் 2.5 மைக்ரோகிராம் வந்ததாக வைத்துக்கொள்வோம். அணு எடைகளான 12.01, 14.007, 30.974ஆல் வகுத்தால் 9.99, 1.43, 0.0807 மைக்ரோமோல். மோல் விகிதம் 124:17.7:1.

அதே எண்களை எடையிலேயே வகுத்தால் கார்பன்–பாஸ்பரஸ் 48. எடை விகிதத்தை மோல் விகிதமாக எடுத்துக்கொண்டு பழைய 50:1ஓடு ஒப்பிட்டுச் சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியடைவது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டுக்கும் நடுவே 2.58 மடங்கு வித்தியாசம். அட்டவணையின் தலைப்பிலேயே மோல் என்று எழுதிவிடுங்கள்.

விகிதங்களின் சராசரி எடுக்கும்போது மடக்கை எடுத்துச் சராசரி கண்டு திரும்ப மாற்றுங்கள். 80, 120, 600 என்ற மூன்று ஏரிகளுக்கு நேர் சராசரி 267. அந்த ஏரிகளில் எதிலும் அப்படி ஒரு பாக்டீரியா இல்லை.

6. வளர்ச்சித் திறன்

உண்ட கார்பனில் உடலானதன் பங்கு இது. உற்பத்தியை, உற்பத்தியும் சுவாசமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நீர்நிலைகளில் 0.05க்குக் கீழிருந்து 0.6 வரை காணப்படுகிறது. கதிரியக்க லூசினைச் செல்கள் எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்க்கும் டிரிட்டியம் லூசின் முறை உற்பத்திக்கு நல்லது, ஆனால் இந்தியாவில் கதிரியக்கப் பொருளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி பெற்ற ஆய்வகம் வேண்டும். அது இல்லாதவர்கள் மறுவளர்ப்பு செய்யலாம்: 0.2 மைக்ரானில் வடித்த ஏரி நீர் 1800 மி.லி., 1 மைக்ரானில் தானாக இறங்கிய நீர் 200 மி.லி. இருட்டில், ஏரி வெப்பநிலையில் 48 மணி நேரம் வையுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, அதில் ஃபார்மலின் 2 சதவீதம் சேர்த்து, ஒளிரும் டாபி சாயமிட்டுக் கறுப்பு 0.2 மைக்ரான் தாளில் குறைந்தது 400 செல் எண்ணுங்கள். கூடிய செல்களை ஒரு செல்லின் கார்பனால் பெருக்கினால் உற்பத்தி. 48 மணி நேரத்துக்குப் பிறகு நுண் கசையுயிரிகள் (கசை கொண்டு நீந்தும் ஒற்றைச்செல் உயிரிகள்) பெருகி பாக்டீரியாவைத் தின்னத் தொடங்கும், கணக்கு கெடும்.

சுவாசம்தான் கடினம். லிட்டருக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோமோல் கார்பன் உண்டு அதில் 70 சதவீதத்தை எரிக்கும் நீரில் ஆக்சிஜன் குறைவது நாளைக்கு 0.045 மி.கி. மட்டுமே. கைமீட்டர் இதைப் பிடிக்காது. காற்றுப் புகாத 300 மி.லி. பி.ஓ.டி. புட்டிகள் குறைந்தது ஐந்து வைத்து, கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் தரம்பார்த்தலைக் கவனமாக 0 மணிக்கும் 48 மணிக்கும் செய்ய வேண்டும்.

7. தருகிறதா, எடுக்கிறதா

உண்ணும் ஒவ்வொரு மோல் கார்பனுக்கும்:

நிகர பாஸ்பரஸ் விடுவிப்பு = (1 ÷ உணவின் விகிதம்) − (வளர்ச்சித் திறன் ÷ பாக்டீரியாவின் விகிதம்)

இரண்டு விகிதங்களும் கார்பன்–பாஸ்பரஸ் மோல் விகிதங்கள். உணவு 500, திறன் 0.3 என்று வைத்து, பாக்டீரியாவின் எண்ணை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

50 என்று போட்டால்: 0.0020 − 0.0060 = −0.0040. கடும் உறிஞ்சல்.
நாம் அளந்த 124: 0.0020 − 0.0024 = −0.0004. ஏறக்குறைய சமநிலை.
259 என்றால்: 0.0020 − 0.0012 = +0.0008. பாக்டீரியா பாஸ்பேட்டை வெளியே விடுகிறது.

நாளைக்கு லிட்டருக்கு 2 மைக்ரோமோல் கார்பன் உண்ணும் ஏரியில் முதல் கணக்கு 8 நானோமோல் பாஸ்பரஸ் பாசியிடமிருந்து பறிபோவதாகச் சொல்லும். மூன்றாவது கணக்கு 1.7 நானோமோல் பாசிக்குக் கிடைப்பதாகச் சொல்லும். ஏரியும் உணவும் அதேதான். பாஸ்பேட் லிட்டருக்குச் சில நானோமோல் அளவில் மட்டுமே இருக்கும், வட அமெரிக்காவின் சுப்பீரியர் போன்ற ஏரியில் இந்த வித்தியாசத்தை ஒதுக்கிவிட முடியாது. அங்கே நைட்ரேட்–பாஸ்பேட் மோல் விகிதம் 10,000ஐ ஒட்டியிருக்கிறது.

குறி மாறும் புள்ளி, பாக்டீரியாவின் விகிதத்தைத் திறனால் வகுத்தது. 124ஐ 0.3ஆல் வகுத்தால் 413. உணவின் விகிதம் இதைவிடக் கூடினால் எடுக்கும், குறைந்தால் விடும். திறன் 0.1க்கு இறங்கினால் புள்ளி 1240க்கு ஏறிவிடும். வளராமல் எரித்துக்கொண்டிருக்கும் பாக்டீரியா சத்தைச் சுலபமாக விடுவது இதனால்தான். நைட்ரஜனுக்கும் இதே கணக்கு: பாக்டீரியாவின் கார்பன்–நைட்ரஜன் 5, திறன் 0.5 என்றால் புள்ளி 10. நம் ஏரியில் 7ஐ 0.3ஆல் வகுத்தால் 23.

உணவின் விகிதத்துக்கு ஏரியின் மொத்தக் கரைந்த கரிமக் கார்பனையும் கரிமப் பாஸ்பரஸையும் போடாதீர்கள். அந்தக் கார்பனில் பெரும்பகுதி பாக்டீரியா தொடாத பழைய மட்கு. மறுவளர்ப்புப் புட்டியில் 48 மணி நேரத்தில் குறைந்த கார்பனை, குறைந்த கரிமப் பாஸ்பரஸால் வகுத்த எண்தான் உணவு. அதே புட்டியில் தொடக்கத்திலும் முடிவிலும் கரைந்த பாஸ்பேட்டை அளந்தால் சூத்திரத்தின் குறி சரிதானா என்று நேரடியாகவே பார்த்துவிடலாம். குறி ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கசையுயிரிகளை. அவை தின்ற பாக்டீரியாவின் பாஸ்பரஸில் ஒரு பகுதியைப் பாஸ்பேட்டாகக் கழித்துவிடும். உண்மையான ஏரியில் பாக்டீரியா பிடித்துவைத்த சத்து பாசிக்குத் திரும்பும் முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று.

8. விகிதம் எவ்வளவு வளையும்

ஒரு நாள் அளவை ஆண்டு முழுவதற்கும் போட முடியுமா என்று அறிய, ஏரியில் பிரித்த இனங்களைத் தொடர் ஊட்ட வளர்கலனில் (புது ஊட்டநீர் சீராக உள்ளே வந்து, அதே அளவு வெளியேறும் கலன்) வைத்துப் பார்க்கலாம். லிட்டருக்குக் குளுக்கோஸ் 150 மி.கி., அதாவது 5 மில்லிமோல் கார்பன். அம்மோனியம் குளோரைடு 2 மில்லிமோல். பாஸ்பேட்டை 50, 15, 5, 1.5 மைக்ரோமோல் என்று மாற்றினால் ஊட்டநீரின் கார்பன்–பாஸ்பரஸ் விகிதம், அதாவது ஊட்ட விகிதம், 100, 333, 1000, 3333. குளுக்கோஸையும் பாஸ்பேட்டையும் தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து பிறகு கலக்குங்கள், சேர்த்துச் சூடாக்கினால் பழுப்பேறும். கலனின் கொள்ளளவு ஐந்து முறை மாறிய பின் மாதிரி எடுங்கள். சுவரில் படலம் பிடித்தால் அந்த ஓட்டத்தை விட்டுவிட வேண்டும். படலத்திலிருந்து உதிரும் செல்களின் விகிதம் மிதப்பவற்றின் விகிதம் அல்ல.

ஊட்ட விகிதத்தின் மடக்கையைக் கிடையாகவும் செல் விகிதத்தின் மடக்கையை நெடுக்காகவும் வைத்துக் கோடு போடுங்கள். சாய்வு 0க்கு அருகில் என்றால் அந்த இனம் தன் விகிதத்தை விட்டுக்கொடுக்காது. 1க்கு அருகில் என்றால் நீர் தருவதற்கேற்ப முழுக்க வளையும். ஈ. கோலை முதல் வகையை ஒட்டியது, ஏரி இனங்களில் பல இரண்டாவது பக்கம் சாய்கின்றன. சாய்வு 0.5ஐத் தாண்டும் இனங்கள் நிறைந்த ஏரியில் நீர் மேலும் கீழும் கலக்கும் கலப்புக் காலம், அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும் தேக்கக் காலம் இரண்டிலும், பெருமழைக்குப் பிறகும் தனித்தனியாக அளவெடுங்கள். வளையாத இனங்கள் மிகுந்த ஏரியில் பருவத்துக்கு ஓர் அளவு போதும், அங்கே அடிக்கடி அளக்க வேண்டியது வளர்ச்சித் திறனை.